ஆத்தா குடிக்காத தண்ணி

நாட்டுக்கெல்லாம் தண்ணீர் எடுத்துக் கொடுத்துவிட்டுத் தன் வாசலில் லாரித் தண்ணீருக்குக் குடம் வைத்துக் காத்திருந்த ஊர் ஒன்று உண்டென்றால், அது திருச்செங்கோட்டுக்கு மேற்கே, பாறையும் ஊஞ்ச மரமும் தவிர வேறெதுவும் செழிக்காத ஊஞ்சப்பாளையம்தான். அந்த ஊர் ஆண்பிள்ளைகள் மீசை முளைத்ததும் ஆழ்துளை போடுகிற ரிக் வண்டியில் ஏறிவிடுவார்கள், ஏறியவர்கள் சத்தீஸ்கர், ஒடிசா, ராஜஸ்தான் என்று கண்ட காட்டிலெல்லாம் குழாயை இறக்கிப் பூமிக்குள்ளிருந்து தண்ணீரைப் பீய்ச்சியடிக்க வைத்துவிட்டு, ஆடிக்கொரு தரம் அமாவாசைக்கொரு தரம் ஊர்ப்பக்கம் வருவார்கள், வந்தவரைப் பார்த்துப் பிள்ளை "யாரும்மா இது?" என்று கேட்டு, அம்மா பதில் சொல்லி, பிள்ளை அதை நம்புவதற்குள் வண்டி திரும்பக் கிளம்பிவிடும். சம்பூர்ணத்தின் கல்யாண வாழ்க்கையும் அப்படித்தான் தவணை முறையில் நடந்துகொண்டிருந்தது. அவள் புருஷன் நல்லசிவம் குழாய் இறக்குவதில் கைதேர்ந்தவன், ஆகையால் எந்த முதலாளியும் அவனைச் சீக்கிரத்தில் வீட்டுக்கு விடமாட்டான்.

அந்த முதலாளிகளில் பெரியவர் குப்பண்ணன். புது வண்டி எடுத்தால் முதல் குழியை ஊர் மாரியம்மன் கோயிலுக்குப் பக்கத்தில் போட்டுப் பார்ப்பது அவர் வழக்கம். சாமிக்கும் செய்ததாச்சு, வண்டியின் மூச்சும் தெரிந்ததாச்சு என்பார். அதுவரை போட்ட குழிகளில் எல்லாம் வெறும் புகைதான் வந்தது. அந்த ஐப்பசியிலும் புகைதான் வந்தது, வந்துகொண்டே இருந்தது, போதும் நிறுத்துங்கடா என்று அவர் துண்டை உதறித் தோளில் போட்ட நேரத்தில் புகை நின்று, யாரையும் நனைக்காமல், சத்தம் போடாமல், கூச்சப்பட்டதுபோல் ஒரு தண்ணீர் மேலே வந்தது.

சம்பூர்ணம் குடத்தோடு முதலில் ஓடினாள், ஒரு கை அள்ளிக் குடித்தாள், குடித்த இடத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள், கண்ணைத் திறந்தபடியே சிரித்தாள். மற்றவர்கள் அவளைச் சுற்றிப் போய்க் குடம் பிடித்தார்கள். நாக்கு காய்ந்ததும் எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டு, "அக்கட்டால ஒரு வீதி இருக்குதுங்க. நல்லா அகலமா, அஞ்சு மணி வெயிலோட. போயிப் பாத்துட்டு வாங்க" என்றாள். அக்கட்டால என்றால் அந்தப் பக்கம் என்று அர்த்தம், அந்தச் சீமைப் பேச்சு. ஊர் அதற்கு வேறு பெயர் தேடவில்லை. எதன் அக்கட்டால, எப்படி அக்கட்டால என்றும் யாரும் கேட்கவில்லை, ஏனென்றால் ஊஞ்சப்பாளையத்தில் ஏதாவது கிடைக்கிறது என்று சொன்னால் முதலில் வரிசை நிற்கும், அப்புறம்தான் கேள்வி வரும்.

குழந்தைக்குப் பால் புகட்டுகிற பாலாடையில் ஒரு வாய் குடித்தால் நாக்கு ஈரமாக இருக்கும் மட்டும் அங்கே இருக்கலாம். உடம்பு இங்கே விழித்தபடி உட்கார்ந்திருக்கும், ஆள் அங்கே நடமாடிக்கொண்டிருப்பான். யார் எங்கே குடித்தாலும் எல்லோரும் போய்ச் சேருவது அதே வீதிக்குத்தான். இது தெரிந்த வாரத்திலேயே வடக்கே போகிற சாமான் லாரிகளில் கேன் கேனாகத் தண்ணீர் ஏறிவிட்டது. சத்தீஸ்கரில் ஒரு மகுவா மரத்தடியில் நல்லசிவம் ஒரு பாலாடை குடித்தான், ஊஞ்சப்பாளையத்தில் அடுப்பை அணைத்துவிட்டுச் சம்பூர்ணம் ஒரு பாலாடை குடித்தாள், இரண்டு பேரும் அந்த வீதியில் ஒரு புங்க மரத்துக்குக் கீழே எதிரும் புதிருமாக நின்று கொஞ்சநேரம் வெட்கப்பட்டார்கள்.

"ஏம்புள்ள, எளைச்சுப் போயிட்டயா?"

"அங்க எளைச்சா இங்க எப்புடிங்க தெரியும்?"

"கொரலு எளைச்சிருக்குதே."

கல்யாணமான நாள் முதல் பேசியதையெல்லாம் கூட்டினாலும் அந்தக் கார்த்திகை மாசத்தில் அவர்கள் பேசியதற்கு ஈடாகாது. அவனுக்குப் பாகற்காய் பிடிக்காது என்பதே அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. இத்தனை வருஷமாக அவள் அன்போடு போட்டதை அவன் பயத்தோடு தின்றிருக்கிறான். அவளுக்குச் சின்ன வயசில் லாரி ஓட்ட ஆசை இருந்தது என்று அவனுக்குத் தெரிந்தது, தெரிந்ததும் அவன் சிரிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தான், அதற்காகவே அவனை அவளுக்கு இன்னொரு தரம் பிடித்துப்போனது.

அக்கட்டால போன ஊருக்குப் பல நல்லது நடந்தது. அடுத்த வீட்டு ராசாமணிக்குச் சின்னதில் இளம்பிள்ளை வாதம் வந்து கால் இரண்டும் சூம்பிப் போயிருந்தன. அங்கே முதல் வாய் தண்ணீரிலேயே அவள் எழுந்து நின்றாள், நின்றவள் நடக்காமல் நேராக ஓடினாள், வீதியின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கும் மறுகோடியிலிருந்து இந்தக் கோடிக்கும், மூச்சு வாங்காத இடத்தில் மூச்சு வாங்குவதுபோல் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு. ஊருக்கும் காலனிக்கும் நடுவே இங்கே ஒரு வேலி உண்டு, அங்கே வேலி போட யாருக்கும் கம்பி கிடைக்காததால் இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் ஒரே கோட்டில் கபடி ஆடினார்கள், பெரியவர்கள் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்து பழகி, பிறகு பார்த்தே பழகிவிட்டார்கள்.

சங்கடங்களும் வந்தன, ஊர் அவற்றைத் தன் வழக்கப்படி கூடிப் பேசித் தீர்த்தது. அக்கட்டால துக்கம் விசாரித்துவிட்டு வந்தால் இங்கே தலைக்குக் குளிக்க வேண்டுமா என்று ஒரு நாள் முழுக்க வாதாடி, குளித்தால் ஒன்றும் குறைந்துவிடாது என்று முடிவானது. அங்கே அவரவர் நினைத்த உருவத்தில் நிற்க முடியும் என்பதால் கிழவர்கள் எல்லாம் மாப்பிள்ளை மாதிரி திரிந்தார்கள், ஒருத்தன் மட்டும் இன்னொருத்தன் முகத்தைப் போட்டுக்கொண்டு பெண்களிடம் வாலாட்டினான். அங்கே துடைப்பத்தால் அடித்தால் வலிக்காது என்று கண்ட பெண்கள் இங்கே அவன் உடம்பு உட்கார்ந்திருந்த இடத்தைத் தேடிப் போய், நாக்கு காய்ந்து அவன் திரும்பி வரும்வரை பொறுமையாகக் காத்திருந்து அடித்தார்கள். அக்கட்டால செய்த தப்புக்கு இக்கரையில் அடி என்பது அன்றிலிருந்து ஊர்ச் சட்டம். வயசைக் குறைத்துக்கொள்ளலாம், முகம் மட்டும் சொந்த முகமாக இருக்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டார்கள்.

இத்தனைக்கும் வழி கண்ட ஊருக்கு ஒன்று மட்டும் பிடிபடவில்லை. தையில் பொங்கலுக்கு லீவு கேட்ட ஆட்களிடம் குப்பண்ணன், "தெனமும் பொண்டாட்டி புள்ளயப் பாத்துக்கிட்டுத்தான இருக்கறீங்க? அப்பறம் என்னத்துக்குடா லீவு?" என்றார். மற்ற முதலாளிகளும் அதையே சொன்னார்கள். பொங்கலுக்கு ஒரு வண்டிகூட வரவில்லை. மாசியிலும் வரவில்லை. ஊர் முழுக்கக் குடும்பங்கள் தினமும் கூடிக் குலாவிக்கொண்டிருக்க, ஊர் வீதியில் கிழவர்களைத் தவிர ஆண் காலடியே இல்லாமல் போனது.

"நீங்க எப்ப வருவீங்க?" என்று சம்பூர்ணம் புங்க மரத்தடியில் கேட்டாள்.

"இதென்ன கேள்வி? தெனமும் வர்றனே."

"இல்லீங்க. நான் தெனமும் வர்றேன், நீங்களும் தெனமும் வர்றீங்க. ஊட்டுக்கு ஆரும் வர்றதில்ல."

அவன் சிரித்தான். அவளும் சிரித்தாள், ஆனால் அன்றைக்கு நாக்கு காய்ந்து எழுந்தபோது வீடு அவளுக்கு முன்னைவிடப் பெரிதாக இருந்தது. அவளுக்குப் புருஷன் வேண்டும், படியேறி வருகிற புருஷன். இதைச் சொன்னால் பேராசை என்பார்களோ என்று பயந்து அவள் யாரிடமும் சொல்லவில்லை.

பங்குனியில் மாரியம்மன் நோம்பி, கோயில் திருவிழா, வந்தது. அந்தச் சீமை நோம்பிக்கு உயிர் கம்பம்தான். மூன்று கிளையாகப் பிரிந்த மரத்தைக் கோயில் முன் நட்டு, பெண்கள் தினமும் மஞ்சள் தண்ணீர் ஊற்ற, ஆண்கள் சுற்றிச் சுற்றி ஆடுவார்கள். நட்ட கம்பத்தைப் பிடுங்கிக் கிணற்றில் விடும்வரை ஊர்க்காரர் ஒருவரும் வெளியூரில் ராத்தங்கக் கூடாது, தங்கினால் அம்மை போடும். ஆட ஆண்கள் இல்லாமல் எப்படிக் கம்பம் நடுவது என்று கூட்டம் போட்டார்கள். குப்பண்ணன்தான் யோசனை சொன்னார்: "அக்கட்டால நட்டுப்போடலாம். ஆம்பளைங்க எல்லாம் அங்கதான இருக்கறாங்க?" கோயில் பூசாரி பண்டாரத்தார் தாடியைத் தடவி, "கம்பம் எங்க நட்டிருக்குதோ அதான் ஊரு" என்று தீர்ப்புச் சொன்னார்.

அப்படியே நட்டார்கள். அந்த வீதியில் ஒரு கோயிலை நினைத்து நிறுத்தி, மூன்று கிளைக் கம்பம் ஒன்றை நினைத்து நட்டு, கையில் காப்புக் கட்டிக்கொண்டு, சத்தீஸ்கர் ஆளும் ராஜஸ்தான் ஆளும் காலனி ஆளும் ஊர் ஆளும் ஒரே வட்டமாக ஆட, ராசாமணி எல்லோருக்கும் முன்னால் ஆட, அப்படியொரு நோம்பி ஊஞ்சப்பாளையம் கண்டதில்லை. சம்பூர்ணம் மட்டும் வரமாட்டேன் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வீட்டிலேயே இருந்துவிட்டாள். கோபக்காரிக்கு யார் காப்புக் கட்டுவார்கள்? அதனால் கட்டுப்பாடும் அவளுக்கு இல்லாமல் போனது.

கம்பம் நட்ட அன்றே ஊருக்கு உறைத்தது, இனி ஊர் என்பது அக்கட்டால, அங்கேயிருந்து வெளியே வந்து ராத்தங்கினால் அம்மை போடும். சரி, பிடுங்குகிற நாள்வரைதானே என்று நாக்கைக் காயவிடாமல் பார்த்துக்கொண்டார்கள், கேனில் குழாய் போட்டு வாயில் வைத்துக்கொண்டார்கள். பிடுங்குகிற நாளும் வந்தது. கம்பத்தைக் கொண்டுபோய் விடக் கிணறு எங்கே என்று தேடியபோதுதான், அக்கட்டால எல்லாம் இருக்கிறது, கிணறு மட்டும் இல்லை என்பது தெரிந்தது. தோண்டலாம் என்றார்கள். பூமியையே துளைத்துப் பிழைக்கிற கூட்டம் தோண்டத் தோண்ட, அள்ளிய மண் அடுத்த கை வாருவதற்குள் பழைய இடத்துக்கே போய் உட்கார்ந்துகொண்டது. கிணறில்லாமல் கம்பத்தைப் பிடுங்க முடியாது, கம்பத்தைப் பிடுங்காமல் ஊர் திரும்ப முடியாது. அங்கே பசியும் இல்லாததால் ஒருவருக்கும் அவசரமும் இல்லை. ஆடிக்கொண்டே இருந்தார்கள்.

இங்கே சம்பூர்ணம் ஒருத்தி வீடு வீடாகப் போனாள். வாசலிலும் கட்டிலிலும் கண்ணைத் திறந்தபடி சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த உடம்புகளுக்குக் கரைத்த கஞ்சியை ஊற்றினாள், ஈ ஓட்டினாள், மாடுகளை அவிழ்த்து வெயிலுக்கு ஒதுக்கிக் கட்டினாள். வாயிலிருந்த குழாயை மட்டும், பிடுங்கினால் அவர்களுக்கு அம்மை போடுமே என்று தொடவில்லை. கஞ்சி பாதி உள்ளே போனது, பாதி தாடையில் வழிந்தது. ராசாமணியின் கை வாரத்துக்கு வாரம் மெலிந்துகொண்டே வந்தது. ஊருக்காவது ஒரு சம்பூர்ணம் இருக்கிறாள், சத்தீஸ்கரில் மரத்தடியில் உட்கார்ந்திருக்கிற உடம்புக்கு யார் இருக்கிறார்கள் என்ற நினைப்பு வந்ததும் அவள் கஞ்சிச் சட்டியை அப்படியே கீழே வைத்தாள். ஒரு பாலாடை குடித்துவிட்டுப் போய் ஆட்டத்தின் நடுவிலிருந்து புருஷனை இழுத்தாள்.

"உங்க ஒடம்புக்குச் சோறு போடறது ஆருங்க?"

நல்லசிவம் யோசித்தான். "தெரியலயே புள்ள. பசிக்கறதில்ல, அதனால நெனைக்கல."

"ஐயோ, செத்துப் போயிருந்தாக்கூட உங்களுக்குத் தெரியாதாட்டிருக்குதே."

அவனுக்கு அப்போதும் பயம் வரவில்லை. அவளுக்கு வந்தது. திரும்பி வந்தவள் அழுதாள், அழுது முடித்ததும் முகம் கழுவினாள், நெற்றி நிறையப் பொட்டு வைத்தாள், அரிவாளை எடுத்துக்கொண்டு ஓடைப்பக்கம் போய் மூன்று கிளை விட்ட வேப்பமரம் ஒன்றை வெட்டி இழுத்து வந்தாள். கோயில் முன்னால் கடப்பாரையால் குழி பறித்துக் கம்பத்தை நட்டாள். பொம்பளை கம்பம் நடுவதாவது, ஊர் என்னாவது என்று கேட்க வேண்டிய வாய்கள் அத்தனையும் குழாயைக் கவ்விக்கொண்டு உட்கார்ந்திருந்தன. மஞ்சள் தண்ணீரைக் குடம் குடமாக ஊற்றிவிட்டு, சூடம் ஏற்றலாம் என்று கோயிலுக்குள் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். மாரியம்மன் காய்ந்த மாலையோடு, நெற்றியில் குங்குமம் உதிர்ந்து, ஒட்டடைக்குக் கீழே தன்னந்தனியாக உட்கார்ந்திருந்தாள்.

சம்பூர்ணம் மறுபடி ஒரு பாலாடை குடித்துவிட்டு அக்கட்டால போய், ஆட்டத்தை நிறுத்தச் சொல்லிக் கத்தினாள். "நானும் ஒரு கம்பம் நட்டிருக்கறேன். நம்மூர்ல, நம்ம கோயலு முன்னால."

பண்டாரத்தாருக்கு ஆத்திரம் வந்தது. "நட்டதுக்கு நீ ஆரு? ஒரு ஊருக்கு ரெண்டு கம்பமா? இங்க நட்டதுதான் கம்பம், இதுதான் ஊரு!"

"சரிங்க பண்டாரத்தாரே. அப்ப ஆத்தாளுக்குப் பாலாடை ஊத்துனது ஆரு?"

குப்பண்ணன் பண்டாரத்தாரைப் பார்த்தார், பண்டாரத்தார் பெண்களைப் பார்த்தார், பெண்கள் பூசாரியில்லாமல் நாங்கள் எப்படி ஊற்றுவது என்பதுபோல் பார்த்தார்கள். அவரவர் அடுத்தவர் ஊற்றியிருப்பார் என்று நினைத்திருந்தார்கள். நினைத்து நிறுத்திய அந்தக் கோயிலுக்குள் இத்தனை நாளில் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை, இப்போது எட்டிப் பார்த்தால் உள்ளே பீடம் மட்டும்தான் இருந்தது.

"ஆத்தா தண்ணியே குடிக்கல. அவ இங்க வரவேயில்ல. காலியான ஊர்ல ஒத்தையில குந்தியிருக்கறா. ஆத்தா இல்லாத எடத்துல நட்டது கம்பமா, குச்சியா? நீங்களே சொல்லுங்க."

ராசாமணிதான் முதலில் ஆட்டத்தை விட்டு விலகி வந்தாள். தன் காலைக் குனிந்து பார்த்தாள், ரொம்ப நேரம் பார்த்தாள். "நீ உம்புருசனக் கூப்புடறே சம்பூ. எங்காலையும் அங்க கூப்பிட்டுக்க முடியுமா உன்னால?"

"முடியாதுக்கா. உங்க கையும் அங்க மெலிஞ்சுக்கிட்டே போவுது" என்றாள் சம்பூர்ணம், அழுகை வந்துவிட்டது.

"அழுவாத. கை எனக்கு அங்க ஒழுங்கா இருந்துச்சு, அதையும் விட்டுப்போட்டா நான் என்ன பண்ணுவேன்? என்ற நாக்கு காயட்டும்" என்றாள் ராசாமணி. அங்கே அவள் மனசு வைத்ததும் இக்கரையில் அவள் கை தானாக எழுந்து வாயிலிருந்த குழாயைப் பிடுங்கிப் போட்டது.

அவளுக்குப் பிறகு ஊரில் இருந்தவர்களும் வடக்கே இருந்தவர்களும் ஒவ்வொருத்தராக நாக்கைக் காயவிட்டார்கள். ஊஞ்சப்பாளையத்தில் வீட்டுக்கு வீடு முனகல் சத்தமும், "ஐயோ பசிக்குதே" என்ற சத்தமும் கேட்டது. அத்தனை நாள் பசியும் ஒரே நேரத்தில் வந்ததால் சம்பூர்ணத்தின் அடுப்பு அன்றைக்கு அணையவே இல்லை. கோயில் முன் நின்ற வேப்பங்கம்பத்தைப் பண்டாரத்தார் சுற்றிச் சுற்றி வந்து குறை தேடினார், கொஞ்சம் சாய்ந்திருக்கிறது என்றார், நிமிர்த்திவிட்டுத் தானே நட்டதுபோல் கும்பிட்டார். கம்பம் இங்கே நட்டாகிவிட்டது, ஆத்தாளும் இங்கே இருக்கிறாள் என்றால் வடக்கே இருக்கிற அத்தனை பேரும் இப்போது ஊரைவிட்டு வெளியே ராத்தங்குகிறவர்கள் என்று அவர் சொன்னபோது குப்பண்ணனுக்கு வேர்த்துவிட்டது. இங்கேயும் ஒரு காப்புக் கட்டிக்கொண்ட கையோடு அவரே போனை எடுத்து, "எல்லா வண்டியும் ஊருக்கு வரட்டும்டா. குழி பாதியில நின்னா நிக்கட்டும். ஆத்தா கோவத்த நான் தாங்கமாட்டேன்" என்றார்.

வண்டிகள் வந்து சேருவதற்குள் ஊர் கூடி இன்னும் சிலதைப் பேசி முடித்தது. தண்ணீரை மூடுவதில்லை, யாரும் மூடச் சொல்லவும் இல்லை. குடிக்கிறவர் பக்கத்தில் குடிக்காத ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும், உலையில் சோறு வெந்த பிறகுதான் குடிக்க வேண்டும். ராசாமணிக்கு மட்டும் அளவில்லை, அவள் ஓடி முடித்து வரும்வரை முறைபோட்டு ஒருத்தர் அவள் பக்கத்தில் இருப்பார்கள். நோம்பிக்கும் பொங்கலுக்கும் உடம்போடு வர வேண்டும், தடுக்கிற முதலாளி ஆத்தாளுக்குப் பதில் சொல்லிக்கொள்ள வேண்டும். அக்கட்டால ஒரே வட்டத்தில் ஆடியவர்களுக்கு இங்கே வேலியைப் பார்த்ததும் கால் தயங்கியது உண்மைதான். ஆனால் கபடிப் பிள்ளைகள் அதற்குள் வேலியில் ஆள் நுழைகிற அளவுக்கு ஒரு சந்து பண்ணிவிட்டிருந்தார்கள், அதை அடைக்க யாரும் முள் வெட்டவில்லை.

ரிக் வண்டிகள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. பெண்கள் வேலையைப் போட்டது போட்டபடி ஓடினார்கள். சம்பூர்ணம் ஓடவில்லை, படியேறி வருகிறவனைப் பார்க்க வாசலிலேயே நின்றாள். நல்லசிவம் மூட்டையோடு வந்தான், கன்னம் ஒட்டி, முழங்கால் மடங்கி மடங்கி நடந்து. அந்தச் சத்தீஸ்கர் ஊர்க்காரர்கள் தினமும் வந்து கஞ்சி ஊற்றியிருக்கிறார்கள், தண்ணீர் கொடுத்த ஆட்களைச் சாகவிடக் கூடாது என்று. அவன் இடது கையைச் சட்டைக்குள் விட்டிருந்தான். அவள் மூட்டையை வாங்கப் போய் அந்தக் கையைப் பிடித்து இழுத்தாள். சுட்டுவிரலும் நடுவிரலும் இல்லை. மார்கழியில் குழாய்க்கு நடுவே சிக்கிப் போனது, ஆறியே போயிருந்தது. அதற்குப் பிறகுதான் எத்தனை சாயங்காலம் புங்க மரத்தடியில் அதே கையால் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான், ஐந்து விரலும் முழுசாக.

"சொன்னா நீ அழுவேன்னுதான் புள்ள…"

"அழுவறதுக்குத்தானய்யா நான் ஒருத்தி இருக்கறேன்!" என்று ஆரம்பித்தாள் சம்பூர்ணம். அந்த மொட்டை விரல்களைத் தன் இரண்டு கைக்குள்ளும் பொத்தி வைத்துக்கொண்டு, அவனையும் அவன் வண்டியையும் அவன் முதலாளியையும் அவன் வாங்கி வந்த வரத்தையும் கோயில்வரைக்கும் கேட்கும்படி திட்டினாள், திட்டிக்கொண்டே அழுதாள். அவன் மூட்டையை இறக்கக்கூட மறந்து, வாசற்படியில் நின்று சிரித்தபடி அத்தனையையும் வாங்கிக்கொண்டான். கோயில் முன்னால் மேளத்தை இறுக்கிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திக் காது கொடுத்துவிட்டு, "நல்லசிவம் ஊட்டுக்கு வந்துட்டானாட்டிருக்குது" என்று சொல்லி, மறுபடியும் அடிக்க ஆரம்பித்தார்கள்.